முதலில் வாசிக்கக் கற்றுக்கொடுங்கள்

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நேட்டால் மாகாணத்துச் செவிலியர் கல்லூரி முதல்வர்களுக்கும், ஆய்வுப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கும், மருத்துவமனை நர்சிங் மேனேஜர்களுக்கும்,

வணக்கம்.

இறுதியாண்டு மாணவிகள் ஸ்பைரல் பைண்டிங் போட்ட 'ஆய்வு' ஒன்றைக் கொண்டுவந்து உங்கள் மேசையில் வைப்பது வழக்கம். தலைப்பு 'கை கழுவுதல் குறித்த அறிவும் மனப்பான்மையும்' என்கிற மாதிரி இருக்கும். முப்பது பேரிடம், அதிலும் பாதிப் பேர் கூடப் படிக்கும் தோழிகள், கேள்வித்தாள் கொடுத்து வாங்கியிருப்பார்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி, பிறகு மருத்துவமனையின் அனுமதி என்று காத்திருந்தே ஆண்டில் பாதி கரைந்திருக்கும். மிஞ்சிய சில வாரங்களில் எக்செல், வட்டப் படம், 'பெரும்பாலானோருக்குப் போதிய அறிவு உள்ளது' என்று ஒரு முடிவுரை. யாராவது கை கழுவினார்களா என்பதை மட்டும் யாரும் நின்று பார்த்திருக்க மாட்டார்கள். பைண்டிங் அலமாரிக்குப் போகும், அந்தப் பெண் வார்டுக்குப் போவாள். சிகிச்சை வழிகாட்டு நெறி மாறிவிட்டது, ஏன் மாறியது என்று அங்கே ஒருவர் கேட்டால் அவளிடம் பதில் இருக்காது. ஓர் ஆய்வுக் கட்டுரையை எடுத்து, அதன் அட்டவணையில் விரல் வைத்து, 'இதை நம்பலாமா?' என்று கேட்க அவளுக்கு யாரும் பழக்கித் தரவில்லை.

அடிப்படைப் படிப்பில் இந்தக் குட்டி ஆய்வுகளை விட்டுவிடுங்கள் என்று கேட்கிறோம். அந்த நேரம் முழுவதையும் ஆய்வை வாசிப்பதற்கும், எடை போடுவதற்கும், வார்டுக்குக் கொண்டுவந்து அளந்து பார்ப்பதற்கும் கொடுங்கள். ஆய்வு செய்யும் ஆசை உள்ளவர்கள் முதுநிலையில் செய்யட்டும். முப்பது பேரிடம் கேட்ட கேள்வித்தாளால் அறிவியலுக்கும் பயனில்லை, நோயாளிக்கும் பயனில்லை.

இதை ஏன் தமிழில் எழுதுகிறோம் என்று டர்பன் வட்டாரத்துச் சட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் டோங்காட்டிலும் இருக்கும் சிலர் கேட்பார்கள். ஆங்கிலத்தில் படித்த ஒன்றைத் தன் வீட்டு மொழியில் பாட்டிக்குச் சொல்ல முடியாதவர் அதைப் புரிந்துகொள்ளவில்லை என்பது எங்கள் வாதம். 'ரிலேட்டிவ் ரிஸ்க்' என்ற சொல்லை மனப்பாடமாக ஒப்பிக்கும் மாணவியிடம் அதைத் தமிழிலோ சுலுவிலோ சொல்லச் சொல்லிப் பாருங்கள். எங்கே தடுக்குகிறதோ அங்கேதான் பாடம் தொடங்க வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கட்டுரையைப் பிரித்துப் பார்ப்போம். 2023ல் வெளிவந்த ஈ-மோட்டிவ் ஆய்வு. பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கைப் பற்றியது. கென்யா, நைஜீரியா, தான்சானியாவோடு தென்னாப்பிரிக்காவிலும் நடந்தது. 80 மருத்துவமனைகள், சுகப்பிரசவமான 2,10,132 பெண்கள். கட்டுரையைத் திறந்ததும் மாணவிகள் சுருக்கத்தின் கடைசி வரிக்குத் தாவுவார்கள். அதைக் கையால் மறைத்துவிட்டு, எதை எதோடு ஒப்பிட்டார்கள் என்பதில் தொடங்கச் சொல்லுங்கள்.

ஒரு பக்கம், அளவுக்கோடு போட்ட, ரத்தம் சேரும் பிளாஸ்டிக் விரிப்பான டிரேப்பைத் தாயின் இடுப்புக்குக் கீழே விரித்து, முதல் ஒரு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை ரத்த அளவு, நாடி, ரத்த அழுத்தம், கருப்பையின் இறுக்கம் எல்லாவற்றையும் பார்த்தார்கள். 500 மில்லி ஆனாலோ, 300 மில்லியிலேயே வேறொரு அறிகுறி மோசமாக இருந்தாலோ உடனே ஐந்தும் ஒரே மூச்சில்: கருப்பையைத் தேய்த்துவிடுதல், ஆக்சிடோசின், டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராம் நரம்பில் மெதுவாக, ட்ரிப், கிழிசலோ தங்கிய நஞ்சுக்கொடியோ உண்டா என்ற பரிசோதனையோடு மூத்தவரை உதவிக்குக் கூப்பிடுதல். மறுபக்கம் வழக்கமான கவனிப்பு. எந்த மருத்துவமனை எந்தப் பக்கம் என்பது குலுக்கலில் முடிவானது. தாய்மாரைத் தனித்தனியாகக் குலுக்காமல் மருத்துவமனைகளையே ஏன் குலுக்கினார்கள்? ஒரே லேபர் வார்டில் ஒரு கட்டிலுக்கு டிரேப்பும் அடுத்த கட்டிலுக்குக் கண்மதிப்பும் என்று வைத்தால் அதே சிஸ்டர் இரண்டு கட்டிலிலும் உஷாராகிவிடுவாள், வேறுபாடு கரைந்துவிடும்.

அடுத்து, வகுப்பில் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி. மறுபக்கத்தில் ரத்தத்தை எப்படி அளந்தார்கள்? அங்கே கண்ணால் குத்துமதிப்பாகச் சொல்லியிருந்தால் மொத்த ஒப்பீடும் கோணலாகிவிடும். லினன் சேவரிலும் (கட்டிலில் விரிக்கும் உறிஞ்சு விரிப்பு) பஞ்சிலும் ஊறிய ரத்தத்தைக் கண் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடும். போக்கு கூடக் கூட அந்தப் பிழையும் கூடும். இந்த ஆய்வில் அங்கேயும் கோடு போடாத டிரேப்பை விரித்து, சேர்ந்த ரத்தத்தை எடைபோட்டார்கள். 1 கிராம் ஏறக்குறைய 1 மில்லி. இந்த ஒரு வரியைத் தேடிக் கண்டுபிடிக்கத் தெரிந்தவளுக்கு ஆய்வு வாசிக்க வந்துவிட்டது என்று மதிப்பெண் போடலாம்.

இனி எண்கள். 1 லிட்டருக்கு மேல் ரத்தப்போக்கு, ரத்தப்போக்குக்காக வயிற்றைத் திறத்தல், ரத்தப்போக்கால் மரணம் ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கட்டிய முடிவு, அளவுக்கோட்டு டிரேப் பக்கத்தில் 1.6 சதவீதம், வழக்கமான கவனிப்புப் பக்கத்தில் 4.3 சதவீதம். '60 சதவீதம் குறைந்தது' என்று செய்தித்தாள் எழுதும். சரிதான். ஆனால் வார்டுக்கு வேண்டிய எண் வேறு: நூறு தாய்மாரில் 2.7 பேர் தப்பினார்கள், அதாவது 37 பிரசவத்துக்கு ஒருவர். மாதம் 250 பிரசவம் நடக்கிற இடத்தில் ஏறக்குறைய 11 பேர் 4 பேர் ஆவார்கள். உங்கள் இடத்தில் ஆரம்ப விகிதமே 2 சதவீதம்தான் என்றால் அதே '60 சதவீதம்' அதை 0.8 ஆக்கும், ஒருவரைக் காப்பாற்ற 83 பிரசவம் வேண்டும். விகிதம் கட்டுரையிலிருந்து வரலாம், ஆரம்ப எண் உங்கள் லேபர் வார்டுப் பதிவேட்டிலிருந்துதான் வர வேண்டும். இந்தப் பெருக்கலைச் செய்யாமல் 'ஆதாரம் சார்ந்த செவிலியம்' என்று சுவரில் போஸ்டர் ஒட்டுவது கண்துடைப்பு.

கூட்டு முடிவையும் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே சொன்ன மூன்றில் கணக்கை இழுத்தது 1 லிட்டர் ரத்தப்போக்குதான். மரணங்கள் மிகச் சில. அவற்றில் வேறுபாடு நிரூபணமாகவில்லை. 'இந்த டிரேப் மரணத்தை 60 சதவீதம் குறைக்கும்' என்று தேர்வில் எழுதுகிறவளுக்கு அந்தக் கேள்விக்குப் பூஜ்யம்.

இடர் விகிதத்துக்கு (மேலே சொன்ன ரிலேட்டிவ் ரிஸ்க்) பக்கத்தில் 0.32 முதல் 0.50 வரை என்று ஒரு நம்பிக்கை இடைவெளி இருக்கும். உண்மை இந்த எல்லைக்குள் எங்கோ இருப்பதோடுதான் இந்தத் தரவு ஒத்துப்போகிறது என்று பொருள். மோசமான ஓரத்தை எடுத்துக்கொண்டாலும் பாதியாகக் குறைகிறது, அதனால் செய்யலாம். வேறொரு கட்டுரையில் 0.45 முதல் 1.10 வரை என்று இருந்தால் (1 என்றால் வேறுபாடே இல்லை), நன்மையும் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், சற்றுத் தீங்கும் இருக்கலாம். பி-மதிப்பைப் பற்றி ஒன்றே ஒன்று: 0.04 என்றால் 'முடிவு தவறாக இருக்க 4 சதவீத வாய்ப்பு' என்று பல கையேடுகள் சொல்லித் தருவது பிழை. உண்மையில் எந்த வேறுபாடுமே இல்லாவிட்டால் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வேறுபாடு தற்செயலாகத் தென்பட எவ்வளவு வாய்ப்பு என்பதைத்தான் அது சொல்கிறது.

இந்த ஆய்வு சுகப்பிரசவத்துக்கு மட்டும். நம் நாட்டின் தாய்மார் மரண அறிக்கைகள் சிசேரியனின்போதும் அதற்குப் பிறகும் வரும் ரத்தப்போக்கைத் திரும்பத் திரும்பச் சுட்டுகின்றன. அந்தத் தாய்க்கு இந்த எண்களை அப்படியே தூக்கிப் பொருத்த முடியாது. யாருக்குப் பொருந்தாது என்று சொல்லத் தெரிவதும் வாசிப்பில் சேர்த்திதான்.

டர்பன் மண்ணிலேயே விளைந்த பாடம் ஒன்று இருக்கிறது. 1999ல் அன்னா குட்சூடிஸ், ஹூசன் கூவாடியா முதலானோர் எச்.ஐ.வி. உள்ள தாய்மாரின் குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட கட்டுரை. மூன்று மாத வயதில் தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகளில் 14.6 சதவீதத்துக்கும், தாய்ப்பாலோடு வேறு உணவும் பெற்றவர்களில் 24.1 சதவீதத்துக்கும், தாய்ப்பாலே குடிக்காதவர்களில் 18.8 சதவீதத்துக்கும் தொற்று. தாய்ப்பாலை நிறுத்துவதே பாதுகாப்பு என்று நம்பியிருந்த காலத்தில் இது யாரும் எதிர்பாராதது. ஆனால் இதை மாணவி முன்னால் வைத்ததும் அவள் முதலில் சந்தேகப்பட வேண்டும். எந்தத் தாய் எப்படி ஊட்டுவது என்று யாரும் குலுக்கிப் போடவில்லை. வைட்டமின் ஏ பற்றிய வேறோர் ஆய்வின் தரவிலிருந்து எடுத்தது இது. குழந்தைக்கு முன்பே உடம்பு சரியில்லை என்பதால் கஞ்சித் தண்ணீர் கொடுக்கத் தொடங்கிய தாய் இருந்தால், காரணமும் விளைவும் இடம் மாறித் தெரியும்.

அந்தச் சந்தேகத்துக்குப் பதில் வர 2007 ஆயிற்று. இதே மாகாணத்தில் தாய்மாரையும் குழந்தைகளையும் தொடர்ந்து பார்த்துச் செய்த பெரிய ஆய்வில், தாய்ப்பாலோடு திட உணவும் சேர்த்த குழந்தைகளுக்குத் தொற்று வாய்ப்பு தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களைவிட ஏறக்குறைய 11 மடங்கு. 2011ல் தாய்ப்பாலூட்டலை ஆதரிக்கும் ட்ஷ்வானே பிரகடனத்தின் மூலம் நாடு தாய்ப்பால் பக்கம் திரும்பியது. முதல் கட்டுரைக்கும் கொள்கைக்கும் நடுவே 12 ஆண்டு. தாமதத்தைக் குறை சொல்வது எளிது. ஒற்றைக் கட்டுரையை வைத்துக்கொண்டு மறுநாளே எல்லாரும் மாறியிருக்க வேண்டுமா, எந்தக் கட்டத்தில் மாறியிருக்கலாம் என்று வகுப்பில் வாதாடவிடுங்கள். ஒரு பருவத்துக்குப் போதும். தாய்க்கு ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. மருந்துச் சிகிச்சை) கிடைக்கும் இன்றைய நிலையில் அந்தப் பழைய சதவீதங்களைக் கிளினிக்கில் எடுத்துச் சொல்லக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். கட்டுரைக்குத் தேதி உண்டு.

காரணம் பொருத்தமாகத் தோன்றுவது மட்டும் போதாது என்பதற்கு 2011ன் ஃபீஸ்ட் ஆய்வைக் காட்டலாம். கடும் காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குன்றி வந்த கிழக்கு ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு வேகமாகத் திரவம் ஏற்றினால் பிழைப்பார்கள் என்று எல்லாரும் நம்பினார்கள். 48 மணி நேரத்தில் ஏற்றியவர்களில் 10.5 சதவீதம் இறந்தார்கள், ஏற்றாதவர்களில் 7.3 சதவீதம்.

மேனேஜர்களே, இப்போது உங்கள் வார்டுக்கு வருவோம். ட்ரிப் ஏற்றக் கையின் ரத்தக்குழாயில் குத்தி வைக்கும் ஜெல்கோவை மூன்று நாளுக்கு ஒருமுறை கட்டாயம் மாற்ற வேண்டுமா, இல்லை, கை சிவந்தாலோ வலித்தாலோ மட்டும் மாற்றினால் போதுமா? எந்த மெடிக்கல் வார்டிலும் எழும் கேள்வி இது. யாருக்கு, எதைச் செய்தால், எதற்குப் பதிலாக, என்ன விளைவு என்று நான்காகப் பிரித்து எழுதிக்கொண்ட பிறகுதான் மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தைத் திறக்க வேண்டும். வெவ்வேறு கருத்துகளுக்கு நடுவே 'ஆண்ட்' போட்டால் பட்டியல் சுருங்கும். ஒரே பொருளுடைய சொற்களுக்கு நடுவே 'ஆர்' போட்டால் விரியும். ஜெல்கோ என்று தேடினால் அநேகமாக ஒன்றும் கிடைக்காது, அது வணிகப் பெயர். பெரிஃபெரல் கதீட்டர், கேனுலா என்ற இரண்டையும் 'ஆர்' போட்டுத் தேட வேண்டும். சாட்ஜிபிடி மாதிரியான கருவி கொடுக்கும் மேற்கோளை பப்மெட்டில் கண்ணால் பார்த்த பிறகே எழுத வேண்டும். இல்லாத கட்டுரைக்கு அழகான தலைப்பு வைப்பதில் அவை கெட்டிக்காரர்கள்.

தேடினால் 2012ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஆய்வு கிடைக்கும். தேவைப்பட்டபோது மட்டும் மாற்றிய 1593 பேரில் 114 பேருக்கு ரத்தக்குழாய் அழற்சி. மூன்றாம் நாள் மாற்றிய 1690 பேரிலும் 114 பேர். இரண்டும் 7 சதவீதம். அப்படியானால் வீணாக ஏன் குத்துகிறோம் என்று முடித்துவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். ரத்த ஓட்டத் தொற்று மிக அரிது. மூவாயிரத்துச் சொச்சம் பேரை வைத்து அதில் வேறுபாட்டைப் பார்க்க முடியாது. 2021ல் ஜெனீவாவிலிருந்து நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட கதீட்டர்களைப் பார்த்து வந்த கட்டுரை, கட்டாய மாற்றத்தை நிறுத்திய காலத்தில் ரத்தத் தொற்று கூடியதாகவும், பழைய முறைக்குத் திரும்பியதும் குறைந்ததாகவும் சொல்கிறது. அது குலுக்கல் ஆய்வு இல்லை, முன்-பின் ஒப்பீடு. ஆனாலும் புறந்தள்ள முடியாது.

இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் எங்கள் தீர்ப்பு இது. 'தேவைப்பட்டால் மாற்று' என்ற விதிக்குள் 'ஒவ்வொரு ஷிஃப்டிலும் யாராவது பார்' என்ற விதி ஒளிந்திருக்கிறது. 30 கட்டிலுக்கு ஒரு பதிவுபெற்ற செவிலியர் இருக்கும் இரவில் யாரும் பார்க்காவிட்டால் 'தேவைப்பட்டால்' என்பது 'மறந்துபோனால்' என்றாகிவிடும். குத்திய இடத்தை விப் ஸ்கோர் (அழற்சியைக் கண்ணால் பார்த்துப் போடும் மதிப்பெண்) கொண்டு ஷிஃப்டுக்கு ஒருமுறை பார்த்து, 2 வந்தால் எடுத்துவிட்டு வேறிடத்தில் போட முடியும் என்றால் விதியை மாற்றுங்கள். முடியாதென்றால் மூன்று நாள் விதியே இருக்கட்டும். அதில் வெட்கம் இல்லை. எந்த விதியானாலும், ட்ரிப் நின்ற பிறகும் 'எதற்கும் இருக்கட்டும்' என்று கையில் விட்டுவைக்கும் ஜெல்கோவை அன்றே எடுக்க எந்த ஆய்வும் தேவையில்லை.

மாற்றிய பின் அளக்க வேண்டும். இங்கே நடக்கும் தவறுகள் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான். மேலே கிடக்கும் 20 கோப்பை எடுத்துப் பார்ப்பது முதல் தவறு. மேலே கிடப்பது யாரோ அன்று எழுதி முடித்தவை, நன்றாகத்தான் இருக்கும். பதிவேட்டில் ஐந்தில் ஒன்று என்று எடுங்கள். அடுத்தது, 20ல் 12 சரி, 60 சதவீதம் என்று எழுதி, மறுமாதம் 14 ஆனதும் கேக் வெட்டுவது. 20ல் 12 என்பதன் உண்மையான எல்லை 36 முதல் 81 சதவீதம் வரை. 14 அதற்குள்ளேயே இருக்கிறது. அதைவிட, வாரம் ஐந்து கோப்பு வீதம் 12 வாரம் பார்த்து ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு புள்ளி வையுங்கள். நடுக்கோட்டுக்கு (பாதிப் புள்ளி மேலும் பாதி கீழும் வரும் கோடு) ஒரே பக்கத்தில் தொடர்ந்து ஆறு புள்ளி விழுந்தால் ஏதோ மாறியிருக்கிறது என்று நம்பலாம். தாளும் பென்சிலும் போதும்.

இந்தத் தாளில் நோயாளியின் பெயரும் கோப்பு எண்ணும் வேண்டாம். சார்ட்டை ஃபோனில் படம் பிடித்து வார்டு வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கம் பரவியிருக்கிறது; தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் அமலில் உள்ள நாட்டில் அது விளையாட்டல்ல. உங்கள் வார்டின் கணக்கை உங்கள் வார்டுக்காகப் பார்ப்பது தணிக்கை. அதை வெளியிடும் எண்ணம் பின்னால் வரக்கூடும் என்றால், தொடங்கும் முன்னரே நெறிமுறைக் குழுவிடம் ஒரு பக்கம் எழுதிக் கேட்டுவிடுங்கள். பின்தேதியிட்ட அனுமதி எங்கும் கிடைக்காது.

டிரேப் போன்ற மாற்றம் ஏன் மூன்றாம் மாதம் படுத்துவிடுகிறது? பெரும்பாலும் ஊழியரின் மனப்பான்மையால் இல்லை. ஸ்டாக் தீர்ந்திருக்கும், ஆர்டர் போடுவது யார் என்று எழுதி வைத்திருக்க மாட்டார்கள். டிரேப்பைக் குழந்தை பிறக்கும் முன்பே விரித்திருப்பார்கள், பனிக்குட நீர் சேர்ந்து அளவு பொய்யாகியிருக்கும். குழந்தை வந்த உடனே விரிக்க வேண்டும். 15 நிமிடக் கணக்கை எழுத ஏற்கெனவே இருக்கும் நான்கு படிவத்தோடு ஐந்தாவதைச் சேர்த்திருப்பார்கள். ஒரு படிவம் புதிதாக வந்தால் ஒரு பழைய படிவம் போக வேண்டும் என்று நீங்கள் உத்தரவு போட்டால், பத்துப் பயிற்சி வகுப்பைவிட அது அதிக வேலை செய்யும்.

உங்களிடம் கேட்பது பெரிய பணமில்லை. 7 மணியிலிருந்து 7 மணி வரை ஓடும் ஷிஃப்டில் முடியும் நேரத்தில் கட்டுரை வாசிக்க யாரும் தங்க மாட்டார்கள். டாக்ஸி பிடிக்க வேண்டும். வாரத்தில் ஒரு பகல், பார்வையாளர் வரும் முன் 45 நிமிடம், வேலை நேரத்துக்குள்ளேயே கொடுங்கள். ஆறேழு பேர், ஒரு கட்டுரை, ஓர் அட்டவணை. எழுத வேண்டியது அரைப் பக்கம்: கேள்வி, எண், நமக்குப் பொருந்துமா, நாளை எதை மாற்றுகிறோம் அல்லது ஏன் மாற்றவில்லை. வார்டுக் கணினியில் பப்மெட் தடைசெய்யப்பட்டிருந்தால் ஐ.டி. பிரிவிடம் சொல்லித் திறந்துவிடுங்கள். நம் நாட்டு செவிலியர் இதழான குரேஷனிஸ் இலவசமாகவே இணையத்தில் கிடைக்கிறது.

கல்லூரி முதல்வர்கள் பைண்டிங்குக்குப் பதிலாக இதே அரைப் பக்கத்தை, ஆண்டுக்கு ஆறு வீதம், மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். திருத்துகிறவர் மாணவி எழுதியதைப் பார்ப்பதோடு நிற்காமல் மூலக் கட்டுரையின் அட்டவணையையும் திறந்து வைத்துக்கொண்டுதான் திருத்த வேண்டும். ஆசிரியர்களுக்கு இது கூடுதல் வேலை என்பது எங்களுக்குத் தெரியும். முப்பது கேள்வித்தாள் ஆய்வை வழிநடத்தும் வேலை போய்விடுகிறதே, அந்த நேரத்தில் செய்யலாம். முதல் கட்டுரை எது என்று யோசிக்க வேண்டியதில்லை. 1999ன் டர்பன் கட்டுரையில் தொடங்குங்கள். அட்டவணை சிறியது, அதைக் குறை சொல்லப் பழகுவதும் எளிது.

இப்படிக்கு,
டர்பன் வட்டாரச் செவிலியர் பயிற்றுநர் சிலர்